மட்டக்களப்புக்கு மால் செயின் வந்தா உள்ள கடை எடுக்கிறதா, டவுனிலயே இருக்கிறதா?

வாவிக்கரைக்கடை

வணக்கம் எல்லாருக்கும். எங்களுக்கு மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு ரெடிமேட் கடை இருக்கு, அப்பா துடங்கினது, இப்ப நானும் தம்பியும்தான் பாக்கிறம். போன மாசம் ஒரு புரோக்கர் வந்து டெப்ல கலர் படம் ஒண்டு காட்டிட்டுப் போனாரு, கண்ணாடிக் கட்டடம், நடுவுல எஸ்கலேட்டர், மேல தியேட்டர், கீழ பெரிய சூப்பர் மார்க்கெட். கொழும்புப் பார்ட்டியாம், ஒவ்வொரு மாவட்டமா போட்டுக்கொண்டு வரப் போறாங்களாம், திருமலை வீதிப் பக்கம் காணி பாத்தாச்சாம், இப்பவே முற்பணம் கட்டினா எஸ்கலேட்டர் ஏறுற இடத்துக்கு நேர கடை தரலாமாம்.

வாடகைதான் எனக்கு விளங்கல்ல. நிலையான வாடகை இல்லையாம், மாசம் வித்த காசில இத்தனை வீதம் எண்டு எடுப்பாங்களாம், ஆனா வித்தாலும் விக்காட்டியும் குறைஞ்ச தொகை ஒண்டு கட்டத்தான் வேணுமாம். அதுக்கு மேல ஏசி, லைட், செக்யூரிட்டிக்கெண்டு வேற காசு. இது எல்லா இடத்துலயும் நடக்கிற முறையா, இல்லாட்டி எங்களப் பேக்காட்டுறாங்களா?

எங்கட யாவாரம் உங்களுக்குத் தெரியும்தானே. சித்திரை, தீபாவளி, ரெண்டு பெருநாள், பள்ளிக்கூடம் துடங்கிற நேரம், மறுகா பெரும்போக வெள்ளாம வெட்டி நெல்லு வித்த பிறகு படுவான்கரை ஆக்கள் குடும்பமா வான் பிடிச்சு வருவாங்க, அந்தக் கிழமையில லாச்சி நிறையும். மத்த நாளில ஈ ஓட்டுறதுதான்.

மச்சான் கட்டார்ல இருக்கான், யோசிக்காம எடு, எல்லாரும் ஏசிக்குள்ளதான் போவாங்க, டவுன் கடையெல்லாம் கெதியா படுத்திரும் எண்டு சொல்றான். அப்பா சொல்றாரு, புரோக்கர் காட்டின படத்த வச்சு சோறாக்கேலாது எண்டு. மால் உள்ள ஊருல இருந்த ஆக்கள், மால்ல வேல செஞ்ச ஆக்கள் ஒள்ளுப்பம் சொல்லுங்க.

ஆரையம்பதி_அரட்டை

முதல்ல அத்திவாரம் வெட்டட்டும்கா. இந்த ஊருல படம் காட்டின கட்டடமெல்லாம் எழும்பியிருந்தா இப்ப கல்லடிப் பாலத்துல நிண்டா வாவியே தெரியாது. ஆனா கேள்வி நல்ல கேள்வி, ஆரும் விசயம் தெரிஞ்ச ஆள் வந்து எழுதுங்க, வாசிக்கப் பாத்துக்கொண்டு இருக்கன்.

தோஹா_லீசிங்

நான் உங்கட மச்சான் இல்ல, வேற ஆள், களுவாஞ்சிக்குடி. இஞ்ச தோஹாவில ஒரு மால்ல லீசிங் ஒஃபிஸ்ல வேல, கடையள வாடகைக்குக் குடுக்கிற பகுதி.

அந்த வாடகை முறையில பேக்காட்டு ஒண்டும் இல்ல, மால் எங்கயும் அப்படித்தான் ஓடுது. குறைஞ்ச வாடகை எண்டு ஒண்டு, விற்பனையில வீதம் எண்டு ஒண்டு, ரெண்டுல எது கூடவோ அதக் கட்டணும். சும்மா கணக்குக்கு குறைஞ்ச வாடகை மாசம் ஒண்டரை லட்சம், வீதம் 12 எண்டு வைங்க. தீபாவளி மாசம் 20 லட்சத்துக்கு வித்தா 2 லட்சத்து 40 ஆயிரம் கட்டணும். மறுமாசம் 5 லட்சத்துக்குத்தான் வித்தீங்க, வீதப்படி பாத்தா 60 ஆயிரம், ஆனா எடுத்து வைக்க வேண்டியது ஒண்டரை லட்சம். உங்களப்போல சீசன் யாவாரிக்கு இதுலதான் அடி விழும், கூடின மாசத்துலயும் கூடக் குடுக்கிறீங்க, குறைஞ்ச மாசத்துலயும் குறையுதில்ல.

அதால வீதக் கணக்க மாசாமாசம் பாக்காம வருச முடிவுல ஒரேயடியா பாக்கச் சொல்லிக் கேளுங்க. மேல சொன்ன கணக்குல மூணு மாசம் 20 லட்சம், ஒம்பது மாசம் 5 லட்சம் எண்டா மாசக் கணக்குப்படி வருசத்துக்கு 20 லட்சத்து 70 ஆயிரம் போகும், வருசக் கணக்குப்படி 18 லட்சத்தோட நிண்டிரும். அதே கடை, அதே யாவாரம், ஒப்பந்தத்துல ஒரு வரி மாறினா 2 லட்சத்து 70 ஆயிரம் உங்கட கையில நிக்குது. லீசிங்காரன் தானா இத சொல்லமாட்டான், நானும் இஞ்ச சொல்றதில்ல, ஊரான் எண்டபடியா சொல்றன்.

மற்றது பொதுச் செலவு. அது சதுர அடிக் கணக்குல வரும், வாடகைக்கு வெளியில. எங்கட ஊரு வெக்கைக்கு ஏசி காலம முதல் இரவு வரைக்கும் ஓடணும், கரண்ட் கட்டணம் 2022க்குப் பிறகு எப்படி ஏறி இறங்கினது எண்டு உங்களுக்குத் தெரியும், ஏறினா அந்த ஏத்தம் முழுக்க உங்கட தலையில. வருசத்துக்கு இத்தன வீதத்துக்கு மேல கூட்டேலாது எண்டு எல்லை ஒண்டு எழுதி எடுங்க. கடைய வெறுஞ்சுவராத்தான் தருவாங்க, டைல்ஸ், சீலிங், லைட், கண்ணாடி எல்லாம் உங்கட காசு, அதுவும் அவங்க ஒப்புக்கொண்ட டிசைன்லதான். அந்தக் காசெல்லாம் போட்டு முடிச்ச பிறகு "இடம் மாத்திறம், பின்பக்கம் போங்க" எண்டு சொல்ல அவங்களுக்கு உரிமை குடுக்கிற வரி ஒண்டும் வழமையா உள்ளுக்க இருக்கும். அத வெட்டாம கையெழுத்து வைக்காதீங்க.

உங்கட பில் மெசின் அவங்கட கம்ப்யூட்டரோட சேந்துதான் இருக்கும், எவ்வளவு விக்குது எண்டு நீங்க பாக்க முன்னமே அவங்க பாப்பாங்க. கடை பூட்டுற நேரமும் உங்கட கையில இல்ல. இஞ்ச செக்யூரிட்டி ஒருத்தன் ஃபோனோட சுத்துவான், பூட்டுற நேரத்துக்கு பத்து நிமிசம் முன்னால சட்டர் பாதி இறங்கியிருந்தா நேரத்தோட ஃபோட்டோ எடுத்திருவான், மாசக் கடைசி பில்லுல தண்டம் ஒண்டு கிடக்கும். நெஞ்சு நோகுது எண்டு வெள்ளன பூட்டின ஒரு கடைக்காரருக்கும் அப்படி எழுதினத நான் கண்ணால கண்டன்.

கடைசியா ஒண்டு, இதுதான் முக்கியம். படத்துல பெரிய சூப்பர் மார்க்கெட் எண்டு கீறியிருக்கு எண்டீங்க. அந்த சூப்பர் மார்க்கெட்காரன் கையெழுத்து வச்சிட்டானா? அவன்தான் சனத்த உள்ளுக்க கொண்டு வாற ஆள், அதாலதான் அவனுக்கு சதுர அடி வாடகை சொற்பமா குடுப்பாங்க, அந்தக் குறைய உங்களப்போல சின்னக் கடைகளிட்ட கூட எடுத்துச் சமாளிப்பாங்க. அவன் வராட்டி நீங்க குடுக்கிற கூடின வாடகைக்கு அர்த்தமே இல்ல.

சிபு_பக்கம்_இருந்தவன்

நான் கொஞ்சம் வேற பக்கத்தால சொல்றன். சுனாமிக்குப் பிறகு இஞ்ச வந்த உதவி நிறுவனங்களில வேல பழகின எங்கட பொடியன்மார் கனபேர் பிறகு வேற நாடுகளுக்குப் போனாங்கதானே, நானும் 2013 ஹையான் புயலுக்குப் பிறகு பிலிப்பைன்ஸுக்குப் போன ஆள். மால் செயின் எண்டா என்ன எண்டத அங்கதான் பாத்தன், ஏனெண்டா அந்த நாட்டுல எஸ்எம் எண்ட ஒரே செயினுக்கு 80க்கு மேல மால் இருக்கு, சீனாவிலயும் இருக்கு.

துடங்கினது ஒரு சப்பாத்துக்கடை. ஹென்றி சை எண்டு சீனாவில இருந்து சின்ன வயசில வந்த ஆள், 1958ல மணிலாவில ஷூமார்ட் எண்டு சப்பாத்துக்கடை போட்டாரு, அந்தப் பேர்ர சுருக்கம்தான் எஸ்எம். 1972ல டிபார்ட்மென்ட் ஸ்டோர். முதல் பெரிய மால் திறந்தது 1985ல, நோர்த் எட்சா எண்ட இடத்துல. அந்த வருசத்தப் பாருங்க, ஜனாதிபதி மார்க்கோஸ்ட ஆட்சி ஆடிக்கொண்டிருந்த நேரம், பொருளாதாரம் விழுந்து கிடந்தது, வட்டி ஆகாசத்துல, எங்கட 2022 போல எண்டு வைங்களன். அடுத்த மாசி மாசம் மார்க்கோஸ் நாட்ட விட்டே ஓடினாரு, மால் விழாம நிண்டிட்டுது. மறுகா 1991ல மெகாமால், 1993ல தலைநகர விட்டு வெளியில முதல் மால் சிபு எண்ட நகரத்துல, 1994ல பங்குச் சந்தைக்குப் போய் சனத்திட்ட காசு திரட்டினாங்க, 2006ல மால் ஒஃப் ஏசியா.

இதுல கவனிக்க வேண்டியது, முதல் மாலுக்கும் மணிலாவுக்கு வெளியில போன மாலுக்கும் இடையில எட்டு வருசம். செயின் எண்டு சொல்றவன் முதல் ஒரு கட்டடத்த ஓட்டிக் காட்டியிருக்கணும். இஞ்ச ஒண்டும் கட்ட முன்னமே "ஒவ்வொரு மாவட்டமா" எண்டு சொல்றவன்ட கத வேற.

ரெண்டாவது, அவங்க மால நிரப்ப ஆரையும் பாத்துக்கொண்டு இருக்கிறதில்ல. டிபார்ட்மென்ட் ஸ்டோர் சொந்தம், சூப்பர் மார்க்கெட் சொந்தம், தியேட்டர் சொந்தம், பீடிஓ எண்ட வங்கியும் அதே குடும்பத்துட. கட்டடத்தில பெரிய பங்கு திறக்கிற அண்டைக்கே நிரம்பியிருக்கும், மிச்சத்துக்குத்தான் வெளிக்கடை. தோஹா தம்பி கேட்ட சூப்பர் மார்க்கெட் கேள்விக்கு எஸ்எம்காரன்ட பதில் அதுதான்.

மூணாவது, சனம் ஏன் போகுது. எல்லாரும் வாங்கப் போறதில்ல. சிபு மாலுக்குப் பக்கத்துலயே ஜீப்னி எண்ட குட்டி பஸ் நிக்கிற இடம், மழைக்கும் வெயிலுக்கும் உள்ளால நடந்து போனா பாதி ஊரக் கடந்திரலாம். வெளிநாட்டுல இருந்து வந்த காச எடுக்கிற கவுன்டர், கரண்ட் பில் கட்டுற கவுன்டர், சில மாலுகளில பாஸ்போட் ஒஃபிஸ், ஞாயிற்றுக்கிழம பூசை கூட வைப்பாங்க. நான் பாத்த ஒரு குடும்பம், தாய் தகப்பன் மூணு புள்ளையள், எல்லாரும் செருப்போட, காசு எடுக்கிற கவுன்டர்ல நிண்டிட்டு நேர கீழ இறங்கி அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு போறாங்க, போற வழியில கடைசிப் புள்ளைக்கு மட்டும் ஒரு ஐஸ்கிரீம். அந்த மால் ஓடுறதே அப்படிப்பட்ட காசுலதான். வெளிநாட்டில வேல செய்யிற பிலிப்பைன்ஸ் ஆக்கள் 2023ல அனுப்பின காசு 33 பில்லியன் டொலருக்கு மேல. எங்கட நாட்டுக்கு அதே வருசம் வந்தது கிட்டத்தட்ட 6 பில்லியன். மட்டக்களப்பு, அம்பாறையில இருந்து வீட்டுவேலைக்குப் போன பொம்பளையள்ர காசும் அதுக்குள்ளதான், ஆனா அந்தக் காசு இஞ்ச முதல் வீட்டுக்கும் கடனுக்கும் நகைக்கும்தான் போகுது, உடுப்புக்கு வாறது கடைசியில.

டவுன் படுத்திருமா எண்டு கேட்டீங்க. சிபுவில கொலோன் வீதி எண்டு ஒண்டு, அந்த நாட்டிலேயே பழைய வீதி எண்டு சொல்லுவாங்க, ஒரு காலத்துல பெரிய கடையெல்லாம் அங்கதான், மாலுகள் வந்த பிறகு அந்தப் பெரிய கடைகள்தான் வாடினது. வீட்டு வாசல் பெட்டிக்கடைகள் அப்படியே இருக்கு, ஒரு சோப்பு, ஒரு சின்னப் பாக்கெட் ஷாம்பு, கொப்பியில கடன், அத எந்த மாலும் தரமாட்டுது. நடுவுல உள்ளவனுக்குத்தான் கஷ்டம், உங்கட கடை அந்த நடுவுக்குள்ள வருதா எண்டத நீங்கதான் பாக்கணும்.

மருதமுனைத்_தறி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி, வாடகைக் கதைய ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் சரக்குப் பக்கத்தச் சொல்றன். நாங்க சாரனும் சாறியும் நெய்து கடைகளுக்குக் குடுக்கிற ஆக்கள். கல்முன, அக்கரப்பத்து, காத்தான்குடி, மட்டக்களப்பு டவுன் எண்டு உங்கட கடையப்போல கடைகள்தான் எங்கட கை கால். அவங்க சாமான் எடுத்தா பாதி காசு கையில, மிச்சம் பெருநாள் முடிய, ஃபோன்ல பேசினாப் போதும்.

கொழும்புல உள்ள ஒரு செயின் கடைக்கும் ஒரு தரம் குடுத்தம். பேர் வேணாம். ஓடர் பெரிசு, நாங்களும் சந்தோசத்துல கூட ரெண்டு தறி போட்டம். காசு மூணு மாசத்துக்குப் பிறகுதான் எண்டாங்க, சரி எண்டு இரிந்தம். சீசன் முடிஞ்சாப்பிறகு விக்காத சாறியெல்லாம் பெட்டியில திரும்பி வந்திச்சி. பொம்மைக்குக் கட்டின பின்ட ஓட்டை முந்தானையில அப்படியே இரிக்கி, விலை ஸ்டிக்கர் ஒட்டின பசை துணியில பிடிச்சிப் போயிரிக்கி, அத ஆருக்கு விக்கிற? ஒப்பந்தத்துல சின்ன எழுத்துல "திருப்பலாம்" எண்டு போட்டிரிந்தாங்களாம்.

நீங்க மாலுக்குள்ள போனா உங்களுக்குப் பக்கத்துக் கடை அப்படியான செயின்தான். அவன் சரக்க எங்களிட்ட கடனுக்கு எடுத்து, விக்காட்டி திருப்பி அனுப்பி, நட்டத்த எங்கட தலையில வச்சிட்டு 50 வீதக் கழிவு எண்டு போட் போடுவான். உங்களால அப்படி ஏலாது, உங்களுக்கு அந்த மனசும் வராது. அதோட மாலுக்குள்ள பேரம் இல்ல. எங்கட சனம் நூறு ரூவா குறைச்சித் தந்தாத்தான் சந்தோசமா எழும்பும், விலைய நூறு கூட்டி வச்சிட்டுக் குறைச்சாலும் பரவால்ல. நோன்பு இருவத்தேழுக்கு காத்தான்குடி மெயின் றோட்டால இரவு பன்னிரண்டு மணிக்கு நடந்து பாருங்க, எந்த ஏசியும் அந்தக் கூட்டத்த இழுக்காது.

வாவிக்கரைக்கடை

எல்லாருக்கும் நன்றி, நானா உங்களுக்கு விசேசமா, அந்த பின் ஓட்டையக் கேக்கவே வயிறு எரியுது. தோஹா அண்ணன்ட வருசக் கணக்க எங்கட போன வருசக் கொப்பியோட போட்டுப் பாத்தன், தம்பி வாயப் பொத்திட்டான். கொப்பிக் கடனையும் சேத்து, அது மாலுக்குள்ள நடக்காது எண்டத யோசிச்சா எங்கட யாவாரத்துல பெரிய துண்டு கழண்டு போகுது, டீச்சர்மார், ஆஸ்பத்திரி ஆக்கள் எல்லாம் சம்பளத்துக்கு சம்பளம்தான் தாறவங்க.

ஒரு சந்தேகம், நாங்க போகாட்டி வேற ஆள் போவான்தானே, அப்ப அவன் எங்கட கஸ்டமர எடுத்திருவானா? யாழ்ப்பாணத்துல என்ன நடந்தது?

தின்னவேலி_மருமகன்

யாழ்ப்பாணத்துல கார்கில்ஸ் சதுக்கம் திறந்தது 2013ல, ஃபுட் சிட்டி, கேஎஃப்சி, தியேட்டர் எல்லாம் ஒரே கட்டடத்துல. அதக் கட்டினவன் சின்ன ஆள் இல்ல, கார்கில்ஸ் 1844ல துடங்கின கம்பனி, ஃபுட் சிட்டி 1983ல துடங்கினது, இப்ப நாடு முழுக்க 500க்கு மேல கிளை. சொந்தச் சூப்பர் மார்க்கெட்டோட வந்து இறங்கினான், சிபு அண்ணன் சொன்ன அதே வழிதான். பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட், நவீன சந்தை, கஸ்தூரியார் வீதி நகைக்கடை எல்லாம் இண்டைக்கும் சனம் முட்டித்தான் கிடக்கு. மாமியாக்கள் சாறி எடுக்க மால் பக்கம் போனத நான் காணல்ல, படம் பாக்கவும் கோழி தின்னவும் பொடியள் போகுதுகள். ஆனா சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அது வேற கத.

தோஹா_லீசிங்

யாழ்ப்பாணத்தோட கேரளாவையும் பாருங்க. லூலு எண்ட மால் செயின்காரங்க 2013ல கொச்சியில பெரிய மால் திறந்தாங்க, பிறகு 2021ல பெங்களூர், திருவனந்தபுரம், 2022ல லக்னோ. அதுக்குப் பிறகு இறங்கின இடங்கள் பாலக்காடு 2023, கோழிக்கோடு, கோட்டயம் 2024. சின்ன ஊருக்கு வரக்குள்ள மாலும் சின்னது, நடுவுல அவங்கட ஹைப்பர் மார்க்கெட், சுத்திவர கொஞ்சக் கடை, பிள்ளையள் விளையாடுற இடம், சாப்பாடு, அவ்வளவுதான். அதுவும் வளைகுடாக் காசு வாற ஊருதான். மட்டக்களப்பு மாவட்டத்துல 2012 கணக்குப்படி 5 லட்சத்து 26 ஆயிரம் சனம், அம்பாறையில 6 லட்சத்து 49 ஆயிரம், தலை எண்ணிக்கை பத்தாது எண்டு சொல்லேலாது, ஆனா கையில நிக்கிற காசு குறைவு. எங்கட ஊருல ஒண்டு நிண்டு பிடிக்கிறதெண்டா அது அந்தச் சின்ன வகைதான். எஸ்கலேட்டரும் மேல தியேட்டரும் அம்பது கடையும் எண்டு படம் கீறினவன் எங்கட ஊரப் பாத்துக் கீறல்ல.

வாவிக்கரைக்கடை

அப்ப புரோக்கர்ட்ட என்ன கேக்கிற? ஞாயிற்றுக்கிழம வாறன் எண்டு சொல்லியிருக்காரு, முற்பணத்துக்கு ரசீது தருவாராம்.

நொத்தாரிசு_ஒஃபிஸ்_பக்கத்துவீடு

ரசீதுக்குக் காசு குடுக்காதீங்க. எங்கட சட்டப்படி ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால எழுதாட்டி நிக்காது, வெறும் ரசீத வச்சு அந்தக் கடை எனக்கு எண்டு எங்கயும் பேசேலாது. காணி ஆர்ர பேர்ல எண்டு காணிப் பதிவகத்துல பிரதி எடுத்துப் பாருங்க, செலவு பெரிசில்ல. மறுகா மாநகர சபையிலயும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலயும் கட்டட அனுமதிக்கு மனு போட்டிருக்கா எண்டு கேளுங்க, போட்டிருந்தா இலக்கம் இருக்கும், வாவிக்கரையோரம் எண்டா கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் வரும். புரோக்கர்ட்ட மூண்டு தாள் கேளுங்க: காணி உறுதிப் பிரதி, கட்டட அனுமதி இலக்கம், சூப்பர் மார்க்கெட்காரனோட எழுதின ஒப்பந்தம். மற்றது வரி, 18 வீதம் பெறுமதி சேர் வரி வாடகைக்கும் பொதுச் செலவுக்கும் மேல வருமா, சொன்ன தொகைக்குள்ள அடக்கமா எண்டத எழுத்துல வாங்குங்க.

ஆரையம்பதி_அரட்டை

மூண்டு தாளும் கேட்ட உடன ஆளுக்கு ஃபோன் வேல செய்யாம போகும் எண்டு நான் ஒரு பிளேன்டீ பந்தயம்.

வாவிக்கரைக்கடை

அரட்டை, பிளேன்டீ உங்களுக்குத்தான். தாள் மூண்டையும் வாட்ஸ்அப்ல கேட்டு எழுதினன், நீலக் கோடு விழுந்திட்டுது, பதில் இல்ல. வந்தா இஞ்சயே போடுறன். தோஹா அண்ணன், அந்த இடம் மாத்திற வரி ஒப்பந்தத்துல என்ன தலைப்புக்குக் கீழ வரும் எண்டு மட்டும் சொல்லி வைங்க, வேற ஆரும் இந்தப் புரோக்கர்ட்ட மாட்டியிருந்தா அவங்களுக்கும் உதவும்.

தோஹா_லீசிங்

தலைப்புல "இடமாற்றம்" எண்டே போட்டிருந்தா அதிஷ்டம். அநேகமா "நில உரிமையாளரின் உரிமைகள்" எண்ட பகுதியில, திருத்த வேலை, விஸ்தரிப்பு எண்டு பேசிக்கொண்டு போற நீளப் பந்தியில நடுவுல ஒரு வசனமா ஒளிஞ்சு கிடக்கும். அந்தப் பந்திய சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.